ஒலி வந்த வழி – 17: ஆர்மோனியத்தோடு ஒட்டிக்கொண்ட குரல்

சிவகாசியின் பழைய அச்சக ஆட்களிடம் 'கலர் செபரேஷன்' என்று பேச்செடுத்தால் லேசில் விடமாட்டார்கள். கல்லில் அச்சடித்த லித்தோ காலத்தில், படத்தில் எந்த நிறம் எங்கே எவ்வளவு இருக்கிறதென்று கண்ணாலேயே பிரித்து, நிறத்துக்கு ஒரு கல்லாக ஓவியரே திருப்பி வரைய வேண்டும். பிறகு அறையை அடைக்கும் கேமரா வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜு தீட்டிய முருகனோ லட்சுமியோ அதன் முன்னால் நிற்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று வடிகட்டிக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் படமெடுத்தால் சியான், மெஜந்தா, மஞ்சள் மைகளுக்கான நெகட்டிவ்கள் கிடைக்கும். கறுப்புக்குத் தனியாக ஒன்று. நான்கு பிளேட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ரெஜிஸ்டரில் உட்கார்ந்தால் காலண்டர். ஒன்று மயிரிழை விலகினாலும் லட்சுமிக்கு இரண்டு மூக்கு.

பாட்டிலும் இதே வேலையைச் செய்ய முடியுமா என்று முயன்றவர்களின் கதை இந்த அத்தியாயம். ஏற்கெனவே கலந்து பதிவாகிவிட்ட இசைத்தட்டிலிருந்தோ நாடாவிலிருந்தோ பாடகரின் குரலை மட்டும் வெளியே எடுப்பது. நிறத்துக்கு வடிகட்டி உண்டு. குரலுக்கு அப்படி ஒரு கண்ணாடி கிடையாது. பாடும் குரலின் அடிப்படை அதிர்வு நொடிக்கு நூறிலிருந்து ஆயிரம் வரை ஏறி இறங்கும். அதன் மேலதிர்வுகள் பல ஆயிரங்களைத் தாண்டும். வயலினும் புல்லாங்குழலும் ஆர்மோனியமும் குடியிருப்பது அதே தெருவில்தான். எந்த அலைவரிசையை வெட்டினாலும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் காயம்.

சிக்கல் தொடங்கியது ஒலிப்பதிவின் முதல் நாளிலேயே. 1902இல் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தா வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது இருந்தது ஒரே ஒரு கொம்பு. பாடுகிறவரும் பக்கவாத்தியக்காரரும் அதன் வாயருகே நெருக்கியடித்து நிற்க, எல்லாச் சத்தமும் சேர்ந்து ஒரு ஊசியை ஆட்டி, மெழுகில் ஒரு பள்ளம் வெட்டியது. 1925க்குப் பிறகு மைக் வந்தது; பள்ளம் ஒன்றாகவே இருந்தது. அந்த ஒற்றைப் பள்ளத்தில் யாருடைய சத்தம் எது என்ற விவரம் எங்குமே எழுதப்படவில்லை.

நம் பக்கத்து விஷயத்துக்கு வருவோம். அன்றைக்கு விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பாட்டு என்றால் நாடகம். விடிய விடிய 'வள்ளி திருமணம்'. மேடைக்கு ஓரத்தில் ஆர்மோனியம். 1886இல் சிவகாசியில் பிறந்த தியாகி விசுவநாததாஸ், முருகன் வேடத்திலேயே தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில், அதே வேடத்தில் இருந்தபோதே உயிர் பிரிந்தது. ராஜபாளையம் தாண்டித் தெற்கே போனால், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டை. அங்கே 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா 27 வயதிலேயே, 1933 டிசம்பரில் இறந்துபோனார். ஒரு பேசும் படத்திலும் அவர் நடிக்கவில்லை. உச்ச சுருதியில் பிருகாக்களை உதிர்த்த அந்தத் தொண்டையின் சாட்சி, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் ஓடும் 78 வேக இசைத்தட்டுகள் மட்டுமே. அவற்றில் அவர் தனியாக இல்லை. மேடையில் அவருக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அண்ணன் காசி ஐயர். தட்டிலும் குரல் போகும் இடமெல்லாம் நிழலாக ஆர்மோனியம் போகிறது. இந்த நிழலைக் கடைசியில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

சினிமா குரலை வேறொரு விதமாகப் பிரித்தது. 1938இல் ஏ. வி. மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' படத்தில், திரையில் வாயசைத்தவர் ஒருவர், பாடியவர் லலிதா வெங்கட்ராமன். தமிழில் பின்னணிப் பாட்டின் தொடக்கமாக இதைத்தான் சொல்வார்கள். ஆறு வருடம் கழித்து, கன்னட 'ஹரிச்சந்திரா'வை அவரே தமிழ் பேச வைத்து வெளியிட்டார். மொழிமாற்றுப் படத்துக்கு வசனம் இல்லாத இசை தனியாக வேண்டும் என்ற தேவை அப்போதே முளைத்துவிட்டது. ஆனால் பாட்டுப் பதிவில் பழைய நடைமுறையே நீடித்தது. நாற்பது ஐம்பது வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில். ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. விஸ்வநாதன் – ராமமூர்த்தி காலத்துப் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்குக் குரல் மட்டும் உள்ள தனி நாடா கிடையாது. தேடினால் எங்காவது கிடைக்கும் என்று நம்புகிறவர்களைப் பார்க்கிறேன். இல்லாத பொருளைத் தேடி என்ன செய்வது?

ஜப்பானில் வேறு தேவை எழுந்தது. 1971இல் கோபே நகரத்து வாத்தியக்காரர் டைசுகே இனோவே, பாட்டில்லாத இசையைக் காசு போட்டால் ஒலிக்கும் பெட்டிக்குள் வைத்தார். குடித்துவிட்டுப் பாட ஆசைப்பட்ட கம்பெனி அதிகாரிகள் வரிசையில் நின்றார்கள். கரோக்கி அப்படிப் பிறந்தது. மனுஷன் காப்புரிமை கூட வாங்கவில்லை. 2004இல் இக் நோபெல் என்ற கேலிப் பரிசுதான் கிடைத்தது, அதுவும் அமைதிக்காக. அடுத்தவர் பாடுவதைப் பொறுத்துக்கொள்ள மனிதகுலத்துக்குக் கற்றுக்கொடுத்தாராம். ஜப்பானில் பிறந்த அந்தப் பழக்கம் 'குட்டி ஜப்பான்' என்கிற நம் சிவகாசிக்கு வந்து சேர இருபது, இருபத்தைந்து வருடம் ஆயிற்று.

அதுவரை நம் ஊர்த் திருவிழா மேடைகளில் ஆர்கெஸ்ட்ராக்காரர்களே வாசித்தார்கள், பாடினார்கள். விருதுநகர் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல், சாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கன்குடி என்று வருடம் முழுக்க வேலை இருந்தது. கீபோர்டு வந்ததும் ஐந்து பேர் செய்ததை ஒருவர் செய்தார். பிறகு அவரும் வேண்டாம், 'டிராக்' போட்டுப் பாடிவிடலாம் என்றானது. சினிமாப் பாட்டின் டிராக் கடையில் கிடைக்குமா? கிடைத்தவை பெரும்பாலும் கீபோர்டில் யாரோ மறுபடி வாசித்தவை, சுவை இருக்காது. அசல் பாட்டிலிருந்தே குரலைத் துடைத்துவிட முடியாதா என்ற கேள்வி மைக்செட் கடைகளுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

ஸ்டீரியோவில் அதற்கு ஒரு தந்திரம் உண்டு. 1978இல் வந்த இளையராஜாவின் 'ப்ரியா'வைத் தமிழின் முதல் ஸ்டீரியோப் பாட்டுப் படமாகச் சொல்வார்கள். ஸ்டீரியோவில் பாடகரை வழக்கமாக நடுவில் நிறுத்துவார்கள். அதாவது இடது காதுக்கும் வலது காதுக்கும் அவர் ஒரே அளவில் போகிறார். வயலின் இடதிலும் கிட்டார் வலதிலுமாக வாத்தியங்கள் விலகி நிற்கும். ஆகவே ஒரு பக்கத்து அலையைத் தலைகீழாகப் புரட்டி மறுபக்கத்தோடு கூட்டினால், இரண்டிலும் ஒன்றாக இருப்பது ஒன்றையொன்று தின்றுவிடும். பாடகர் மறைவார். கூடவே நடுவில் நிற்கும் பேஸ் கிட்டாரும் அடி டிரம்மும் மறையும். பாடகரின் எதிரொலி மட்டும் இரண்டு பக்கமும் பரவி இருப்பதால் போகாது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல மிச்சம் கேட்கும். ஸ்பீக்கர் வயரை ஒரு விதமாக மாற்றிக் கட்டினாலே இந்த விளைவு வரும் என்பதைப் பல மைக்செட்காரர்கள் புத்தகம் படிக்காமலே கண்டுபிடித்திருந்தார்கள்.

இந்தத் தந்திரம் குரலை ஒழிக்க உதவியது, எடுக்க உதவவில்லை. அறுபதுகளின் மோனோப் பாட்டிடம் அதுவும் செல்லாது. இரு பக்கமும் ஒன்றேயான ஒலியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது பூஜ்யம்.

விஞ்ஞானிகள் பக்கம் 1953இலேயே காலின் செர்ரி ஒரு கேள்வியைக் கேட்டு வைத்திருந்தார். விருந்துக் கூட்டத்தில் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசும்போது நாம் ஒருவரின் பேச்சை மட்டும் எப்படிப் பிடித்துக்கொள்கிறோம்? தொண்ணூறுகளிலிருந்து இதற்குக் கணித விடைகள் வரத் தொடங்கின. பேசுகிறவர் எத்தனையோ அத்தனை மைக் இருந்தால் சமன்பாட்டைத் தீர்த்துவிடலாம் என்றது ஒன்று. நம்மிடம் உள்ளதோ ஒரு பள்ளம். மெட்டு திரும்பத் திரும்ப வருவதைப் பின்னணி என்றும் வராததைக் குரல் என்றும் கொள்ளலாம் என்றது இன்னொன்று. பல்லவியையே திரும்பத் திரும்பச் சங்கதி போட்டுப் பாடும் நம்மிடம் அது எடுபடுமா? இவற்றை விரித்து எழுத இங்கே இடமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் தாண்டிப் போக மனமில்லை, அது வெடிச்சத்தம் சம்பந்தப்பட்டது.

ஒலியைப் படமாக வரையலாம். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அலைவரிசை, எங்கே சத்தம் அதிகமோ அங்கே பிரகாசம். இதற்கு ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். கோயில் கொடை ஒன்றைப் பதிவு செய்து இப்படி வரைந்தால், ஒரு லட்சுமி வெடி வெடித்த கணத்தில் மேலிருந்து கீழ்வரை செங்குத்தாக ஒரு கோடு விழும். வெடி எல்லா அலைவரிசையிலும் ஒரே நொடியில் அறைகிறது. 4 மீட்டர் தள்ளி 125 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று 1999இல் விதி போட்டார்களே, அந்த அறைதான். ஆர்மோனியக் கட்டை ஒன்றை அழுத்திப் பிடித்தால் படுக்கையாகக் கோடுகள் ஓடும். பாடகரின் கோடுகளோ நெளியும். 2010இல் அயர்லாந்தின் டெர்ரி ஃபிட்ஸ்ஜெரால்டு மிக எளிய வழி ஒன்றைக் காட்டினார். படத்தைப் படுக்கைவாக்கில் நிரவினால் நெட்டைக் கோடுகள் கரைந்து சுருதி வாத்தியங்கள் மிஞ்சும், நெட்டுவாக்கில் நிரவினால் தாளக் கருவிகள் மிஞ்சும். தவிலும் வெடியும் பழைய தட்டின் கீறலும் ஒரு பக்கம். நாதஸ்வரமும் குரலும் மறுபக்கம். முதல் பாதி வேலை முடிந்தது என்றே சொல்லலாம்.

மறுபாதியை 2017க்குப் பிறகு இயந்திரக் கற்றல் எடுத்துக்கொண்டது. மருத்துவப் படங்களில் செல்களின் எல்லையைப் பிரிக்க 2015இல் உருவாக்கிய யூ-நெட் என்ற வலைப்பின்னலை ஆன்ட்ரியாஸ் யான்சன் குழுவினர் பாட்டின் ஸ்பெக்ட்ரோகிராமிடம் காட்டினார்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை பங்கு குரல், எத்தனை பங்கு மற்றது என்று அது ஊகித்து ஒரு முகமூடி செய்தது. சிவகாசிக் கேமராவுக்கு முன் வைத்த வடிகட்டி இங்கே வந்துவிட்டது. ஒரே வித்தியாசம், இந்தக் கண்ணாடியைப் பாட்டுக்குப் பாட்டு, நொடிக்கு நொடி இயந்திரமே புதிதாகச் செய்துகொள்கிறது.

ஊகிக்க அதற்குப் பயிற்சி வேண்டுமே. தனித்தனியாகப் பதிவான குரலும் வாத்தியங்களும், அவை கலந்த பாட்டும் ஒருசேர வேண்டும். 2017இல் வெளியான மியூஸ்டிபி18 என்ற தொகுப்பில் அப்படி 150 பாடல்கள் இருந்தன, மொத்தம் பத்து மணி நேரம். உலகத்து ஆய்வாளர்கள் பலரும் அதில்தான் பழகினார்கள். 2019 நவம்பரில் டீசர் நிறுவனம் 'ஸ்ப்ளீட்டர்' நிரலை இலவசமாக வெளியிட்டதும் மடிக்கணினி வைத்திருந்தவர் எல்லோரும் பாட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். ஃபேஸ்புக்கின் 'டெமக்ஸ்' இன்னும் சுத்தமாகப் பிரித்தது. செல்போனில் பாடிப் பதிவேற்றுகிறவர்களும், மேடைக்கு டிராக் தேடிய நம் பாடகர்களும் அதற்குப் பிறகு கீபோர்டு நகலை நாடவில்லை. அசல் வாத்தியக்காரர்களின் வாசிப்பே குரல் நீங்கிக் கிடைத்தது.

உலகம் வாய்பிளந்தது 2023 நவம்பர் 2ஆம் தேதி. எழுபதுகளின் இறுதியில் ஜான் லெனன் தன் வீட்டில் பியானோ வாசித்தபடி சாதாரணக் கேசட்டில் பாடி வைத்த பாட்டு ஒன்று. 1995இல் மிச்ச பீட்டில்ஸ் மூவரும் அதை முடிக்கப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். குரலை எடுத்தால் பியானோவும் வந்தது, கரண்டு இரைச்சலும் வந்தது. பீட்டர் ஜாக்சனின் 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காக நியூசிலாந்தில் எமில் டி லா ரே குழு செய்த மென்பொருள் அந்தக் குரலைப் பியானோவிலிருந்து உரித்துக் கொடுத்தது. 'நவ் அண்ட் தென்' என்ற பெயரில் பாட்டு வெளிவந்தது. 2025இல் கிராமி விருதும் வாங்கியது.

லெனனுக்கு முடிந்தது கிட்டப்பாவுக்கு முடியாதா?

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். மியூஸ்டிபி தொகுப்பில் பாட்டை நான்கு பெட்டிகளில் போடுகிறார்கள். குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை. நம் வயலின், வீணை, நாதஸ்வரம், ஆர்மோனியம் எல்லாம் அந்த 'மற்றவை'க்குள் போக வேண்டும். பயிற்சிப் பாட்டுகளில் பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக் ரகம். கமகத்தோடு நெளியும் வயலினை அந்த இயந்திரம் அங்கே சந்தித்ததே இல்லை. நெளிவதெல்லாம் குரல் என்றுதான் கற்றிருக்கிறது. கர்நாடகக் கச்சேரி ஒன்றைக் கொடுத்தால் பாடகரின் பிடியை அரை நொடி பின்னால் வந்து திருப்பிச் சொல்லும் வயலின், குரல் பெட்டிக்குள் கசிந்து நிற்கிறது.

இதைச் சரிசெய்யக் கிளம்பியவர்கள் பார்சிலோனாவில் இருந்தார்கள். சேவியர் செர்ராவின் காம்ப்மியூசிக் திட்டம் சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி போன்றவர்களோடு சேர்ந்து வேலை செய்தது. அதிலிருந்து 'சாரகா' என்ற தொகுப்பு உருவானது. நூற்றுக்கும் மேற்பட்ட கர்நாடகப் பதிவுகள் மைக்வாரியாகத் தனித்தனி டிராக்குகளில் கிடைத்தன. ஆனால் அவை நிஜக் கச்சேரிகள். மேடையில் எல்லோரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். பாடகரின் மைக்குக்குள் மிருதங்கம், மிருதங்கத்தின் மைக்குக்குள் பாடகர். சுத்தமான உதாரணம் ஒன்றுகூட இல்லாமல் சுத்தம் என்றால் என்னவென்று எப்படிக் கற்பிப்பது? ஜெனிஸ் பிளாஜா ரோக்லன்ஸ் குழுவினர் 2023இல், கசிவுள்ள டிராக்குகளை வைத்தே பயிற்சி கொடுக்கும் ஒரு முறையை எழுதினார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்திலிருந்து 'சனிதா' வந்தது: கசிவு அநேகமாக இல்லாதபடி ஸ்டூடியோவில் எடுத்த கர்நாடகப் பதிவுகள். இரண்டு வேலையும் பாராட்டத்தக்கவை. நாடக மேடைப் பாட்டுக்கு மட்டும் இப்படி எதுவும் இல்லை, இனி வரவும் வழியில்லை. அந்தத் தொண்டையும் அந்தப் பாணியும் போய்விட்டன.

ஆகவே கிட்டப்பா தட்டிலிருந்து எடுத்த குரல் என்று யாராவது ஒன்றைக் கேட்கக் கொடுத்தால் நான் ஒன்றை மறக்காமல் கேட்பேன்: அதில் கேட்பது எத்தனை பங்கு தட்டில் உள்ளது, எத்தனை பங்கு இயந்திரம் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்துச் சேர்த்தது? இப்படி உரித்த குரல்கள் இன்று வேறு வேலைக்கும் போகின்றன. மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் 2024 ஜனவரியில் 'லால் சலாம்' பாட்டுக்காகச் செயற்கை நுண்ணறிவு வழியே ஏ. ஆர். ரஹ்மான் பயன்படுத்தினார், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும் பணம் கொடுத்ததாகவும் சொன்னார். அடுத்த மாதமே எஸ். பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் கேட்காமல் உருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக் குழுவுக்கு அவருடைய மகன் நோட்டீஸ் அனுப்பிய செய்தி வந்தது. அந்த வழக்காடலை அடுத்த அத்தியாயத்தில் வைத்துக்கொள்வோம். இப்போது ஆர்மோனியம்.

ஆர்மோனியத்தின் சிக்கல் வயலினைவிட மோசமாகத்தான் இருக்க வேண்டும். வயலின் பின்னால் வருகிறது. ஆர்மோனியம் குரலோடு அதே சுரத்தில், அதே நேரத்தில் நிற்கிறது. இரண்டின் மேலதிர்வுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஒரே புள்ளியில் இரண்டு மை. ஆனாலும் ஒரு பிடி இருக்கிறது, அதைக் காட்டிக்கொடுப்பது ஆல் இந்தியா ரேடியோ. 1940 மார்ச்சில் வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கி வைத்தது. கட்டைகள் படிப்படியாக நிற்கின்றன, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போக முடியாது, கமகம் பேசாது என்பது குற்றச்சாட்டு. 1971இல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. நம் நாடகக்காரர்கள் இந்தத் தீர்ப்பைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை; மேடை ஓரத்தில் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று குற்றம் என்று சொன்ன அந்த விறைப்பைத்தான் ஸ்பெக்ட்ரோகிராம் பிடித்துக்கொள்கிறது. ஆர்மோனியம் படிக்கட்டு போலப் படுக்கைக் கோடுகளாக ஏறுகிறது. கிட்டப்பாவின் பிருகா அந்தப் படிகளுக்கு இடையே நெளிந்து பாய்கிறது. வேகமான இடங்களில் பிரிக்க வழி இருக்கிறது. அவர் மேல் சட்ஜமத்தில் போய் அசையாமல் நிற்கும் கார்வைகளில் இரண்டு கோடும் ஒன்றாகிவிடும். அங்கே எந்த மென்பொருளாக இருந்தாலும் தம்பியை எடுக்கும்போது அண்ணனும் கூடவே வருவார்.

(தொடரும்)